இரண்டாம் தரம் கேட்ட கிரீட்டா அக்கா

2006 ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. இரண்டு வேன்களும் வாசலை விட்டுப் போனதும், ஜெர்மனியில் ஒரு கிராமத்து வீட்டின் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பதினேழு பேர் இருந்த வீட்டில், கோடைப் பயணத்துக்குப் போகாமல் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான்.

ஆண்டவர் செய்ததைச் சொல்லும் சாட்சி என்றால் தீராத வியாதி, பெரிய ஆபத்து என்று எதிர்பார்ப்பீர்கள். என் கஷ்டத்துக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. என்னை யாரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை, அவ்வளவுதான். சிரிக்காமல் படியுங்கள்.

நான் மெர்சி. விருத்தாசலத்துக்காரி. அப்பாவுக்கு செராமிக் கம்பெனியில் சூளை வேலை. நானும் செராமிக் டிப்ளமோதான் படித்தேன். முடித்த கையோடு, எங்கள் சபைப் போதகர் ஐயா மூலமாக அந்த வாய்ப்பு வந்தது. ஊனமுற்றவர்களும் மற்றவர்களும் ஒரே குடும்பமாக வாழும் ஒரு கிறிஸ்தவ இல்லம். காலையில் வேத வகுப்பு, மதியம் ஊழியம், கோடையில் எல்லோரும் சேர்ந்து பயணம், இப்படி ஒரு வருஷம். அங்கே கோப்பை, தட்டு செய்கிற சின்னப் பட்டறையும் உண்டு. அதனால் செராமிக் படித்த பிள்ளை என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். 2005 செப்டம்பரில் போனேன்.

நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் வீட்டில் சாப்பிடச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டால், "சோத்துக்கு அலையுது பாரு" என்பார்கள். முதலில் "வேணாங்க" என்று சொல்லவேண்டும். அடுத்து, "இப்பதான் வூட்ல சாப்ட்டு வந்தேன்." மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுத்த பிறகு, "சரி, கொஞ்சமா வைங்க." மங்கலம்பேட்டையில் என் தோழி வீட்டில் இப்படி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே நான்கு தோசை சாப்பிட்டிருக்கிறேன்.

அந்தப் பழக்கத்தை அப்படியே ஜெர்மனிக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் பாத்திரம் என்னிடம் வந்தது. "வேண்டாம், நன்றி" என்றேன். பாத்திரம் அடுத்தவரிடம் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை.

என்ன மனுஷர்கள் இவர்கள் என்று நினைத்தேன். அறைக்குப் போய், அம்மா கட்டிக் கொடுத்த இட்லிப் பொடியை ரொட்டியில் தூவித் தின்றேன். சாப்பாடாவது பரவாயில்லை. உடன் வருகிறாயா, உதவி வேண்டுமா, மனசு சரியில்லையா என்று எது கேட்டாலும் என் வாய் தானாக "பரவாயில்லை" என்றது. அவர்களும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே எல்லோரும் பாடுவது கேட்கும். வந்து கூப்பிடட்டும், போகலாம் என்று காத்திருப்பேன். பாட்டு முடிந்துவிடும்.

போனில் அம்மா கேட்கும். "ஏன்டி, நல்லா பாத்துக்குறாங்களா? சாப்புடுறியா?"

"சூப்பரா பாத்துக்குறாங்கம்மா. நீ அழுவாத."

வைத்துவிட்டு நான் அழுவேன்.

மே மாதத்தில், இல்லத்தின் பொறுப்பாளர் மார்த்தா கேட்டார். "மலைப்பக்கம் ஏரிக்கரையில் இரண்டு வாரம். சபைப் பிள்ளைகளின் முகாமில் ஊழியம். வருகிறாயா?" எனக்கு உயிரே அதில்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "பரவாயில்லை, நான் இங்கேயே இருக்கிறேன்." என் பெயரைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். கிரீட்டாவோடு தங்குபவர் மெர்சி.

கிரீட்டா அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். கார் விபத்தில் தலையில் அடிபட்டு, சற்று முன் நடந்தது எதுவும் நினைவில் நிற்காது. பட்டறையில் ஒரே கோப்பைக்கு இரண்டு தரம் மெருகு பூசிவிடுவார். புது இடம் என்றால் பயந்துபோவார் என்று அவரைப் பயணத்துக்குக் கூட்டிப்போவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை, தரையில் உட்கார்ந்தபடி ஜெபித்தேன். அதுவரை ஆண்டவரிடமும் நான் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறேன். உமக்குச் சிரமம் இல்லாவிட்டால், உமக்கு இஷ்டமானால் என்று. அன்று அந்த மரியாதை உடைந்துவிட்டது. "ஆண்டவரே, எனக்கு யாருமே இல்ல. யாராவது என்னை இன்னொரு தரம் கேக்கட்டும். இல்லன்னா நாளைக்கே ஊருக்குக் கிளம்பிடுவேன்" என்று நம் ஊர்த் தமிழிலேயே கத்தினேன்.

மதியம் சூப்பைச் சூடு பண்ணி கிரீட்டா அக்காவுக்குக் கொடுத்தேன். அவர் கேட்டார். "நீ சூப் குடிக்கவில்லையா?"

"வேண்டாம் அக்கா."

இரண்டு நிமிஷம். "நீ சூப் குடிக்கவில்லையா?" அதே முகம், அதே அக்கறை, அப்போதுதான் கேட்கிற மாதிரி.

"வேண்டாம்" என்றேன்.

மூன்றாம் தரமும் கேட்டார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். "வேணும் அக்கா" என்றேன். எழுந்து போய் அவரே ஊற்றிக்கொண்டு வந்தார். அவர் மறந்துபோய்க் கேட்டார் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஜெபித்து மூன்று மணி நேரம் ஆகவில்லை. அந்த நாட்டில் அப்படிக் கேட்கக்கூடிய ஒரே ஆளோடு என்னை அந்த வீட்டில் வைத்தது யார்?

ஜெபத்துக்கு வந்த பதில் அதோடு நிற்கவில்லை. "நீ ஏன் பயணத்துக்குப் போகவில்லை?" என்றும் ஒரு நாளைக்குப் பத்து தரம் கேட்பார். தனிமை பிடிக்கும் என்றேன். வேலை இருக்கிறது என்றேன். ஐந்தாம் நாள் சொல்வதற்குப் பொய் தீர்ந்துவிட்டது. "போக ஆசைதான் அக்கா. வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்." கிரீட்டா அக்கா புரியாமல் பார்த்தார். "ஆசை என்றால் ஏன் வேண்டாம் என்றாய்?"

அன்றே மார்த்தாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார், "மெர்சி, நீ வேண்டாம் என்று சொன்னாய். நான் உன்னை நம்பினேன்."

அந்த வார்த்தை என்னைக் குத்திவிட்டது. பத்து மாதமாக அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். அவர்களோ என் சொல்லை மதித்திருக்கிறார்கள். பொய் சொன்னது நான். முழங்காலில் நின்று ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாளே மார்த்தாவின் கணவர் ரயிலில் வந்து கிரீட்டா அக்காவோடு தங்கினார். மீதி ஒரு வாரம் நான் ஏரிக்கரையில் இருந்தேன். பிள்ளைகளுக்குத் தட்டுக் கழுவினேன், மலை ஏறினேன், தப்புத் தப்பாக ஜெர்மன் பாட்டுப் பாடினேன். தனிமை ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தனிமையாக இருக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

செப்டம்பரில் ஊர் திரும்பினேன். இப்போது யார் வீட்டிலும் முதல் தரமே "சாப்புடுறேங்க" என்று உட்கார்ந்துவிடுகிறேன். "மானத்த வாங்குறாளே" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறது.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. ஆராதனை முடிந்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், நாம் எல்லோரும் "கர்த்தர் கிருபையில நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். போன மாதம் ஒரு சகோதரியும் அப்படித்தான் சொன்னார். அவர் வீட்டுக்காரர் துபாய்க்குப் போய் நான்கு வருஷம். நான் நகராமல் நின்று, "அக்கா, எப்படி இருக்கீங்க?" என்று திரும்பவும் கேட்டேன். அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "நல்லால்ல மெர்சி" என்றார். ஆலயத்துப் படியிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் ஜெபித்தோம்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் யாரிடமும் சொல்லாத தனிமை ஒன்று இருக்கலாம். ஆண்டவரிடம் போய் "பரவாயில்லை" என்று மரியாதை காட்டாதீர்கள். வேணும் என்று சொல்லுங்கள். அவர் உங்களை அலைகிறவர் என்று நினைக்கமாட்டார்.