கலா வூட்டு மீட்டர்

எனக்கு இந்த பேய், ஆவி மேட்டர்லாம் சுத்தமா நம்பிக்க கெடையாது நைனா. நான் ஏசி மெக்கானிக். கேஜ்ல முள்ளு இன்னா காட்டுதோ அதான் நெசம், மத்ததெல்லாம் சும்மா பேச்சு, அப்டியே இருவது வருசம் ஓட்டிட்டேன். நீ சிரிச்சாலும் பரவால்ல, இது என் வூட்ல நடந்தது.

எர்ணாவூர் ஹவுசிங் போர்டுல மூணாவது மாடி. என் சம்சாரம் கலாவுக்கு வீசிங். சுத்தி பேக்டரிங்க, நம்ம ஏரியா காத்து ஒனக்கே தெரியும், சில நாளு தொண்டைல மொளகாப்பொடி போட்டாமாரி எரியும். நமக்கு எரிஞ்சப்பறம்தான் தெரியும், அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். மொட்டமாடில துணி காயப்போட்டுகினு இருக்கறவ அப்டியே நின்னுருவா. ஆத்துப்பக்கம் மேஞ்சிகினு கீற கொக்குலாம் ஒண்ணா எழும்பி போவும், இவ நெஞ்ச புடிச்சிகினு வருதுய்யாம்பா. கொஞ்ச நேரத்துல நாத்தம் வந்துரும். நீயும் கொக்கும் ஒரே கம்பெனில வேல பாக்கறீங்களானு நான் கேலி பண்ணுவேன்.

அப்பதான் காலேஜ்லேர்ந்து வைஷாலினு ஒரு பொண்ணு வந்துச்சு. காத்துல கீற பொகை, கேஸு அல்லாத்தையும் அளக்கற வெள்ள பொட்டி ஒண்ண மொட்டமாடில மாட்டிட்டு, என் போன்ல ஆப்பும் போட்டு குட்துச்சு. காத்து நல்லா இருந்தா பச்சை, மோசமா போச்சுனா செவப்பு, கூடவே போன் கத்தும். மீட்டருக்கு இன்னா பேரு வெக்கலாம் அண்ணானு கேட்டுச்சு, கலா வூடுனு போட சொன்னேன். எனக்கு அந்த பொட்டி ரொம்ப புடிச்சிப்போச்சு.

ஒரு நாளு மத்தியானம், கொருக்குப்பேட்டைல ஒரு கடைல ஏசிய கழட்டி போட்டுகினு கீறேன், கலா போன் பண்றா. மூச்ச இழுத்து இழுத்து பேசறா. கொக்கெல்லாம் போயிருச்சு, எனக்கு நெஞ்சு அடைக்குது, நீ வந்துருங்கறா. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? போன காதுலேர்ந்து எட்துட்டு ஆப்ப தொறந்து பாத்தேன். பச்சை.

"மீட்டர் பச்சையா கீதுமே. ஒண்ணும் இல்ல, கதவ சாத்திகினு படு."

அவ சரினு சொல்லி வெச்சிட்டா.

அர மணி நேரம் கழிச்சி செவப்பு வந்துச்சு. போட்டது போட்டபடி வண்டிய எட்துகினு பறந்தேன். அதுக்குள்ள எதிர்வூட்டு மேரி அக்கா அவள ஆட்டோல ஏத்தி இட்டுகினு போயிட்டாங்க. ஆஸ்பத்திரி போய் சேரல நைனா. வழிலயே முடிஞ்சிப்போச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட அந்த பொட்டிய கழட்டுனேன். வயர புடுங்கி, உள்ள கீற சிம்ம எட்து ரெண்டா ஒடச்சி, பொட்டிய ஒரு சாக்குல கட்டி பரண்ல போட்டேன். ஆப்ப மட்டும் அழிக்கல. அதுல அவ பேரு கீதுல்ல, கை வரல.

ஏழெட்டு மாசம் போச்சு. ஞாயித்துக்கெழம காலைல, நல்லா சுள்ளுனு வெயிலு. என் பொண்ணு நித்யா எட்டாவது படிக்கிறா, இட்லி துன்னுகினே டிவி பாக்கறா. என் போன் கத்துது. எட்து பாக்கறேன், கலா வூடு, செவப்பு. போன அங்கயே போட்டுட்டு பரண்ல ஏறி சாக்க பிரிச்சேன். பொட்டி போட்ட மாரியே கீது, வயரு இல்ல, சிம்மு இல்ல, லைட்டும் எரியல. கீழ போன் கத்திகினே கீது.

வெளிய வந்து மோந்து பாத்தேன், ஒரு நாத்தமும் இல்ல. ஆத்துப்பக்கம் பாத்தேன். ஒரு கொக்கு கூட இல்ல.

நித்யாவ கைய புடிச்சி இஸ்துகினு, ஒவ்வொரு வூட்டு கதவா தட்னேன். மேரி அக்கா வந்து நின்னு, ஒரு வாசனயும் இல்லியேப்பானு சொன்னாங்க.

"அக்கா, கலா சொல்றா. எறங்குங்க."

அந்த வார்த்த என் வாய்லேர்ந்து எப்டி வந்துச்சுனு இன்னிவரைக்கும் தெர்ல. அக்கா என் மூஞ்சிய ஒரு தபா பாத்தாங்க. மறுபேச்சு பேசாம பேரப்புள்ளய தூக்கிகினு எறங்குனாங்க. பாதி பேரு என்ன லூசுனு திட்டுனாங்க, பாதி பேரு கூட வந்தாங்க. விம்கோ நகர் பக்கமா நடந்து மெயின் ரோட்ட தொடறோம், பின்னாடி நாத்தம் கெளம்பிருச்சு. வூட்டுலயே இருந்தவங்க வாந்தி, மயக்கம், ஆஸ்பத்திரினு ஆயிட்டாங்க. நல்லவேள, உசுரு ஏதும் போவல. எங்கேர்ந்து வந்துச்சுனு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் ரோட்டோரமா குந்திகினு அழுதேன். புருசன் காதுல அவ சொல்லு ஏறாது, பொட்டி சொன்னாதான் ஏறும்னு அவளுக்கு தெரிஞ்சிருக்கு போல.

மறுநாளு வைஷாலிய வரச்சொல்லி போன காட்னேன். அது லேப்டாப்ல தேடிப் பாத்துட்டு, நீங்க கழட்டுன நாள்லேர்ந்து இந்த மீட்டர் எதுவுமே அனுப்பல அண்ணா, ஆப்பு ஏதோ கொழம்பிருச்சுனு சொல்லிச்சு. இருக்கலாம், எனக்கு இன்னா தெரியும். அப்பால என் போன்ல மேப்ப பெருசு பண்ணி பாத்துச்சு. மீட்டர் கீற எடத்துக்கு ஒரு புள்ளி காட்டும். அது எங்க வூட்டு மேல இல்ல. முகத்துவாரத்துல, நடு தண்ணில நிக்கிது. ஜிபிஎஸ் தப்பு அண்ணானு சிரிச்சிகினே போன குட்துச்சு.

நான் அந்த புள்ளியவே பாத்துகினு நின்னேன். கலாவ எரிச்ச மறுநாளு விடியகாத்தால, நானும் என் மச்சானும் மட்டும் பைபர் போட்ல போனோம். அலையாத்தி செடிங்க முடியற எடத்த தாண்டி அவன் இஞ்சின நிறுத்துனான், அங்கதான் கலா சாம்பல கரைச்சேன். நித்யாவுக்கு கூட அந்த எடம் தெரியாது. புள்ளி சரியா அங்க கீது.