இரண்டு விமானிகள் வலித்த படகு

என் நாத்தனார் பிலோமினாவுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் மால்ட்டாத் தீவின் மார்சஷ்லொக் குடாவில் அவளைப் போலத் துடுப்பு வலிக்கும் பெண் வேறு கிடையாது. என் கணவர் சவேரோடு மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த பாச்சியைப் பீரங்கிப் படையில் சேர்த்துக்கொண்டதும், "நான் வர்றேன்டா" என்று தம்பியின் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"பொம்பள ஏறுன படகுல மீன் படுமா?" என்று கரையில் ஒருவன் சிரித்தான்.

"உன் படகுல மீசைதானே ஏறுது, நேத்து என்னத்தக் கொண்டாந்த?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

1942 ஆகஸ்ட் மாதம். ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த மால்ட்டாவே பசியில் கிடந்தது. உணவுக் கப்பல்கள் வருவதாகவும், அவற்றை இத்தாலியரும் ஜெர்மானியரும் நடுக்கடலிலேயே தாக்குவதாகவும் பேச்சு. அன்று காலை விடியும்போதே கடலுக்கு அப்பால் குண்டுச் சத்தம் உருண்டுகொண்டிருந்தது. பிறகு வானம் முழுக்க விமானங்கள். நாங்கள் பாறைச் சுரங்கத்துக்குள் ஓடினோம். அக்காவும் தம்பியும் அதற்கு முன்பே வலையெடுக்கப் போயிருந்தார்கள். போகாவிட்டால் அடுப்பில் வைக்க ஒன்றுமில்லை.

கரைப் பீரங்கிகளின் குண்டுகள் வானில் வெடித்து, சில்லுகள் கடலில் மழையாய்க் கொட்டின. ஒரு சில்லு சவேரின் தோளைக் கிழித்தது. பிலோமினா இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை அவிழ்த்துக் காயத்தை இறுக்கிக் கட்டினாள். காற்று செத்துப் பாய் தொங்கிவிட்டது. நீரோட்டம் படகை வெளியே இழுத்தது. இருவர் வலிக்க வேண்டிய படகு அது.

அப்போதுதான் இரண்டு போர் விமானங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு, இரண்டுமே கடலில் விழுந்தன. இரண்டு பாராசூட் குடைகள் இறங்கின. பக்கத்தில் விழுந்தவன் இத்தாலியன்.

"அவன் நம்ம தலையில குண்டு போட வந்தவன்க்கா, விட்டுடு," என்று முனகினார் சவேர்.

"ரெண்டு கை இருக்குடா அவனுக்கு. எனக்கு இப்ப அதுதான் வேணும்."

அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அடுத்தவனிடம் போனாள். அவன் ஆங்கிலேயன். படகுக்குள் இத்தாலியனைப் பார்த்ததும் கைத்துப்பாக்கியை உருவினான். பிலோமினா தண்ணீர் இறைக்கும் மரக்கரண்டியால் அவன் மணிக்கட்டில் ஒரு போடு போட்டாள். துப்பாக்கி கடலுக்குள் போயிற்று.

"அம்மா, இவன் எதிரி!"

"தெரியும்யா. அவனுக்கு நீயும் அப்படித்தான். பிடி துடுப்பை."

இத்தாலியனிடம், சிசிலி மீனவர்களோடு பழகிக் கற்ற பாஷையில் அதையே சொன்னாள். முதலில் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, படகு வட்டமடித்தது. "மேலே அவ்வளவு வேகமாப் பறக்கத் தெரியுது, ஒண்ணாச் சேர்ந்து ஒரு துடுப்புப் போடத் தெரியலியா?" என்று திட்டி, அவள் ஓங்கிக் குரல் கொடுக்க, இருவரும் அதற்கேற்ப வலித்தார்கள்.

சத்தம் ஓய்ந்து நாங்கள் வெளியே வந்தபோது கரையில் காவல் நின்ற பீரங்கிப் படைக்காரர்கள், எதிரி உடுப்பைக் கண்டு அந்தப் படகைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பிலோமினா எழுந்து நின்று தலைத்துணியை வீசிக் கத்தினாள்: "டேய் பாச்சி! உனக்குச் சோறு போட்ட படகையே சுடுவியா?"

பாச்சி அலறிக்கொண்டு துப்பாக்கிக் குழாயை மேலே தள்ளினான்.

கரையில் ஒரு அதிகாரி ஜீப்போடு வந்தான். கைதியை வண்டியில் ஏற்றச் சொன்னான். பிலோமினா கதவை மறித்து நின்றாள். "வலிச்சவன் நடந்து வருவான். அடிபட்டவன்தான் வண்டியில போவான்."

"நீதான் இவனைச் சிறைபிடித்தாயா?"

"நான் யாரையும் பிடிக்கலீங்க. ஆள் பத்தல, ஏத்திக்கிட்டேன்."

ஆங்கிலேய விமானி சவேரைத் தாங்கி வண்டியில் படுக்கவைத்தான். பிறகு இத்தாலியனோடு சேர்ந்து, வெயிலில், ஈரக் காலணிகளோடு நடந்து போனான்.

மருத்துவர் சவேரின் கையைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் அது தோளுக்கு மேலே எழவில்லை. "மதினி, இனிப் படகை யார் ஓட்டுறது?" என்று அழுதேன்.

"இத்தனை நாளா யாரு ஓட்டினதுன்னு நெனச்ச?" என்றாள்.

போர் முடிந்து வெகுகாலம் வரை அவள்தான் சுக்கான் பிடித்தாள். பாச்சி திரும்பி வந்து அவளுக்குக் கீழே வேலை பார்த்தான். நாலு வருஷம் அவள் வாயைத் தாங்கிய பிறகு தைரியம் வந்து, அவளையே பெண் கேட்டான்.