பூனைக்குப் பத்தியம்

கட்டியைக் கண்டுபிடித்தது நான்தான். தெள்ளுப்பூச்சி பார்ப்பதற்காக எங்கள் பூனையை மடியில் மல்லாத்திப் போட்டிருந்தேன். வயிற்றில் ஒரு முலைக்குப் பக்கத்தில் பயறளவில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. பால் கட்டியிருக்கும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பால் கட்டுவதற்கு அவள் ஒருநாளும் குட்டி போட்டதில்லை என்பது அந்த நேரம் என் புத்தியில் ஏறவில்லை. இரண்டு மாதத்தில் அது நெல்லிக்காயளவு வந்துவிட்டது.

பெயரென்று அவளுக்கு ஒன்றும் இல்லை. "புள்ள" என்றால் வருவாள். பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்து, மேலே பழைய சேலைத் துண்டைக் கட்டி, அமிர்தகழியிலிருந்து டவுனுக்குக் கணவரின் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனோம். வழி நெடுகக் கத்தினாள். மிருக வைத்தியருக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். தடவிப் பார்த்துவிட்டு, புற்றாகத்தான் தெரிகிறது, வெட்டியெடுக்க வேண்டும் என்றார். குட்டி போடாமலிருக்க ஊசி ஏதும் போட்டீர்களா என்றும் கேட்டார். ஐந்து வருடமாகத் தவறாமல் போடுவித்தேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் அக்கா" என்றார் மெதுவாக.

அவளைக் கூடைக்குள் திரும்ப வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

அந்தக் கிழமைக்குள்ளேயே வெட்டினார்கள். மத்தியானம் கையில் தந்தபோது மார்பிலிருந்து அடிவயிறு வரைக்கும் தையல். மயக்கம் முழுதாகத் தெளியாமல், கண்ணைத் திறந்தபடி, இமைக்காமல் கிடந்தாள். செத்துப்போனாள் என்றே நினைத்தேன். மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன், மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வைத்தேன். பின்னேரம் முழுக்க எனக்கு அதே வேலைதான். மயக்கம் தெளிந்து எழுந்தவள், தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் கூம்போடு சுவரில் முட்டி முட்டி நின்றதைப் பொறுக்க முடியாமல், அதைக் கழற்றிவிட்டுக் கணவரின் பழைய பனியனை வெட்டிச் சட்டையாகப் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குத் தையல் போட்டால் முதலில் நிறுத்துவது இறாலையும் நண்டையும்தான். அவை கிரந்திச் சாப்பாடு, தின்றால் புண் சீழ் வைக்கும் என்பார்கள். எனக்கு வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்தபோதும், கணவருக்குக் குடலிறக்க ஒப்பரேசன் நடந்தபோதும் அந்தப் பத்தியம்தான். பூனைக்கும் அதையே வைத்தேன். ஏற்கெனவே என்னால் அவளுக்கு ஒரு கேடு வந்தாயிற்று, இன்னொன்று வரவே கூடாது என்ற பிடிவாதம். அவளோ வாவி இறாலில் வளர்ந்தவள். காலையில் காத்தான்குடி மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் வாசல் கேற்றடிக்கு ஓடுவாள், அவரும் ஒன்றைத் தூக்கிப் போடுவார். இனிமேல் போடவேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். புண் ஆறும் மட்டும் கண்ணிலும் காட்டக்கூடாது என்று அவரும் ஒத்துக்கொண்டார். முள்ளெடுத்து அவித்த சின்ன மீனைக் குழைத்த சோற்றோடு வைத்தேன். அவள் மணந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் மயக்க மருந்தின் வேலை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் நோவு என்று நினைத்தேன். ஒரு இறாலைக் கொடுத்துப் பாரேன் என்ற கணவரைப் பிடித்து ஏசினேன். சீழ் வைத்தால் துடைக்கப்போவது நானா நீங்களா என்று கேட்டேன். மூன்றாம் நாள் காலை ஹோர்ன் கேட்டது. அவளுடைய காதுகூட அசையவில்லை. முருங்கையடியில் தோண்டுவதற்கு மண் இளக்கமாக இருக்கும் என்று மனம் அதுபாட்டுக்கு நினைத்தது. என்னை நானே வெறுத்தேன்.

வைத்தியருக்குப் போன் எடுத்தேன். என்ன கொடுக்கிறீர்கள் என்றார். பத்தியத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அக்கா, பூனை மூணு நாள் பட்டினி கிடந்தா ஈரல் பழுதாப்போகும். புண்ணால இல்ல, பசியாலதான் செத்துப்போவாள். அவள் எதத் திம்பாளோ அத இப்பவே குடுங்க."

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போன கணவர், பையில் துள்ளத் துள்ள இறாலோடு வந்தார். உப்பில்லாமல் அவித்துக் கோது உரித்தேன். மூக்கடியில் பிடித்தேன், அவள் அசையவில்லை. ஒரு துண்டைப் பிய்த்து உதட்டில் தேய்த்தேன். நாக்கு வெளியே வந்தது. அந்தச் சொரசொரப்பு விரலில் பட்டதும் குந்தியிருந்தபடியே அழுதேன். மூன்றரை இறால் தின்றாள்.

அதற்குப் பிறகு பயம் மற்றப் பக்கம் திரும்பியது. அடுத்த நாள் விடிந்ததும் இறாலால் சீழ் வைத்திருக்குமோ என்று பனியனைத் தூக்கிப் பார்த்தேன். தையல் காய்ந்திருந்தது.

தையல் வெட்டப் போன அன்று, எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவும் வந்திருந்தது. புற்றுத்தான். ஒரு பக்கம்தான் எடுத்திருக்கிறோம், மற்றப் பக்கத்தில் வரலாம், தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார் வைத்தியர். இப்போது அவள் ஹோர்னுக்கு ஓடுகிறாள், இறாலும் தின்கிறாள். ஒவ்வொரு காலையும் அவளை மடியில் மல்லாத்தி, மிச்சமிருக்கும் முலைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவுகிறேன். நான் கொஞ்சுகிறேன் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குறுகுறுக்கிறாள். கடைசி முலை வரைக்கும் நான் மூச்சு விடுவதில்லை.