லைனில் என் இடம்

போர்ட் பிளேருக்கு வந்த புதிதில், வீடு எங்கே என்று யாராவது கேட்டால் "லம்பா லைன்" என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும். நம் ஊரில் லைன் என்றால் மின்கம்பி. ரயிலடியில் லைன் கிளியர். என் மாமியாருக்கோ, "ரெண்டு லைன் எழுதிப் போட" மனசில்லாத மருமகன் மேலுள்ள குறை. இங்கே மனிதன் லைனில் குடியிருக்கிறான், ரேஷனுக்கு லைனில் நிற்கிறான், "நீங்க எந்த லைன்?" என்று கேட்டால் உத்தியோகத்தைச் சொல்கிறான். நான் மராமத்து இலாகா குமாஸ்தா. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தீவே பிழைப்பு நடத்துகிறது என்று ஊருக்குக் கேலியாக எழுதியவன். அந்தக் கேலியெல்லாம் ஒரு கப்பல் டிக்கெட்டோடு தீர்ந்தது.

என் மனைவி மங்கைக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருந்தது. முதல் பிள்ளை இங்கே பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டது. "என்னை அம்மாகிட்ட அனுப்பிருங்க. இங்க இன்னொண்ணைப் புதைக்க எனக்குத் தெம்பில்ல" என்றாள். இந்த மெட்ராஸ் கப்பலை விட்டால், அடுத்தது வருவதற்குள் எட்டு தாண்டிவிடும், ஏற்றமாட்டார்கள். டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் ஆளுக்கொரு கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போய்வருவது இங்கே வழக்கம். வங்காளியோ தெலுங்கரோ, யார் கல்லையும் யாரும் தொடமாட்டார்கள். லைன் என்றால் நியாயம் என்றும் ஒரு பொருள் உண்டென்பதை அந்தக் கற்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று பங்க் என்கிற கீழ்த்தளப் படுக்கை டிக்கெட் இருபதுதான் என்றார்கள். எண்ணிப் பார்த்தேன். என் கல் இருபத்தொன்று. எனக்கு முந்தியது, வடகோடித் தீவின் திக்லிபூரிலிருந்து வந்திருந்த குஞ்ஞப்பன் என்ற மலையாளி விவசாயியின் கல். ஒரு கண்ணில் கட்டு, மறுகண்ணிலும் புகைச்சல். மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவர். அவர் டீ குடிக்கப் போனதும், அவர் கல்லைக் காலால் என் கல்லுக்குப் பின்னே தள்ளிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவர் குனிந்து, கையால் தடவித் தன் கல்லைக் கண்டுபிடித்தார். "மேரா ஆப்கே ஆகே தா ந?" என்றார். உங்களுக்கு முன்னால்தானே இருந்தேன் என்று கேட்கிறார்.

"நஹி, பீச்சே" என்றேன், பின்னால்தான் என்று.

"கண்ணு போயி" என்று சிரித்தபடி எனக்குப் பின்னால் நின்றுகொண்டார். என் டிக்கெட்டோடு ஜன்னலை மூடினார்கள். ஆபீஸில் கூட்டாளி ஒருவர் "என்ன சார், லைன் கிளியரா?" என்றார். ஆமாம் என்றேன். என் குரலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கப்பல் புறப்பட்ட காலையில் கப்பல் துறையில் குஞ்ஞப்பன் நின்றார். திக்லிபூருக்குப் போய்த் திரும்ப வசதியில்லை, அடுத்த கப்பல் வரை இங்கேயே கிடக்கிறாராம். நான் மனைவியை வழியனுப்ப வந்திருப்பது தெரிந்து, "பெஹன் கிதர் கடீ ஹை?" என்று கேட்டார். என் மனைவியைத் தன் சகோதரியாக்கி, எங்கே நிற்கிறாள் என்று கேட்ட அந்த ஒரு கேள்வியில் நான் செத்தேன். மேல்தளத்தில் மங்கை அழுதுகொண்டே கையசைத்தாள். இவரும் என்னோடு சேர்ந்து, கப்பலே இல்லாத திசையைப் பார்த்து அவளுக்குக் கையசைத்தார். நான் ஒரு கையால் மங்கைக்கு விடைகொடுத்தேன். மற்றக் கையால், அவர் கையைப் பிடித்துக் கப்பலின் பக்கம் திருப்பினேன்.