ஆயுத பூஜைக்கு அணைத்த ஃப்ரீசர்

கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. ரத்தத்தில் ஓடி ஓடிப் பழசாகிப்போன மற்ற புரதங்களைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டு அழிப்பது அதன் வேலை. ஏற்பி என்பார்கள். கல்லீரல் நோயில் அது எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடிக்கக் கோயமுத்தூரில் ஒரு ஆய்வகத்தில் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தேன். முனைவர் பட்டத்துக்காகத்தான், உலகத்தைக் காப்பாற்ற அல்ல.

அந்த ஏற்பி கண்ணுக்குத் தெரியாது. அதை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்று வேண்டும். ஒட்டிக்கொண்டால் நுண்ணோக்கியில் செல்லைச் சுற்றிப் பச்சை வளையம் தெரியும். எங்களுடைய ஆன்டிபாடி வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது. ஆர்டர் போட்டு, அனுமதி வாங்கி, சென்னையில் சுங்கத்தில் மாட்டி, கைக்கு வர எட்டு மாதம் ஆனது. மொத்தமே சில சொட்டு. அதைக் குட்டிக் குட்டி ட்யூபுகளில் பிரித்து, மைனஸ் இருபது டிகிரியில் ஃப்ரீசரில் வைத்திருந்தேன். "இது போச்சுன்னா உன்ற படிப்பும் போச்சு அம்மணி" என்று என் வழிகாட்டி வாரம் ஒருமுறை சொல்வார். என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். அவர் போடாவிட்டால் ஐந்து வருடமும் தண்ணீரில் போட்டது மாதிரி.

வழிகாட்டியின் குடும்பத்துக்குக் காங்கேயத்துப் பக்கம் தோப்பும் எண்ணெய் மில்லும் உண்டு. மில்லில் ஆயுத பூஜைக்கு என்ன செய்வார்களோ அதையே ஆய்வகத்திலும் செய்வார். எல்லா மெஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, மெயினை அணைத்துவிட வேண்டும். வருடமெல்லாம் உழைத்த மெஷினுக்கு அன்றைக்கு ஓய்வு. வெளியூரிலிருந்து வந்த விஞ்ஞானிகள் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கருமத்தம்பட்டியில் விசைத்தறிக்கு நடுவில் வளர்ந்தவள். வருடத்தில் தறி ஓடாத நாள் அது ஒன்றுதான். மெயின் 'டக்' என்று விழும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் மனசு குளிர்ந்துவிடும்.

முந்தைய வருடங்களில் ஃப்ரீசர் நடைவழியில், வேறு லைனில் இருந்தது. மெயினை அணைத்தாலும் அது ஓடும். அந்த வருடம்தான் இடம் போதவில்லை என்று உள்ளே கொண்டுவந்திருந்தோம். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஒருவரைத் தவிர.

அவர் எங்கள் அட்டெண்டர் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளகோவில் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் காட்டில் கூலி வேலை செய்த குடும்பம். அவர்தான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மின்விசிறிக்குக் கீழே வேலை பார்த்தவர். ஒப்பந்த வேலைதான், ஆனாலும் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றவே மாட்டார். பூஜைக்கு இரண்டு நாள் அவர் துடைப்பார். மூன்றாம் நாள் நாங்கள் பொட்டு வைப்போம். சந்தனக் கிண்ணத்தை அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பூஜை முடிந்தது. வழிகாட்டி காதில் செல்போனோடு மெயின் பலகையை நோக்கிப் போனார். அக்கா பின்னாலேயே ஓடினார்.

"ஏனுங்க ஐயா, இந்த ஐஸ்பெட்டிய மட்டும் அணைக்காம உட்டுறலாமுங்களா?"

"எல்லாத்தையும்தானுங்க. அதுக்கு மட்டும் ஓய்வு வேண்டாமுங்களா?" என்று போனைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டு அணைத்தார்.

நான் இரண்டடி தள்ளிப் பொரித் தட்டோடு நின்றிருந்தேன். இரண்டையும் கேட்டேன். கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. 'டக்' என்ற சத்தத்தில் நான் கருமத்தம்பட்டிக்கே போய்விட்டேன். வாயில் பொரி. நாலு நாள் விடுமுறை.

செவ்வாய்க்கிழமை காலையில் நானும் அக்காவும்தான் முதலில் கதவைத் திறந்தோம். ஃப்ரீசருக்குக் கீழே தண்ணீர் குளமாக நின்றது. ஓடிப்போய் மெயினைத் தூக்கிவிட்டேன். பெட்டியைத் திறந்து ட்யூபைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அக்கா துணியைப் போட்டுத் தண்ணீரை ஒற்றிக்கொண்டே, "அழுவாதீங்க அம்மணி, அழுவாதீங்க" என்று தானும் அழுதார்.

பதினோரு மணிக்கு வழிகாட்டி வந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரீசரைப் பார்த்தார், மெயின் பலகையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவர் முகம் வெளுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த நிமிஷம், "தொடைக்கறப்ப பிளக்கைப் புடுங்கிப்போட்டு மாட்டாம உட்டுட்டீங்களாட்ட இருக்குது" என்றார் அக்காவிடம்.

"இல்லீங்க ஐயா, மாட்டினனுங்க. அன்னிக்கு மெயினை..." என்று தொடங்கிய அக்கா அப்படியே நிறுத்திக்கொண்டார். மெயினை யார் அணைத்தது என்று அவர் வாயால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? என்னைப் பார்த்தார். நான் ட்யூபுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நிர்வாகத்துக்கு அறிக்கை போக வேண்டும். 'சுத்தம் செய்யும்போது பணியாளரின் கவனக்குறைவால் மின்இணைப்பு துண்டிக்கப்பட்டு ஆன்டிபாடி கெட்டுப்போனது.' ஒரே வரி. கீழே சாட்சியாக என் பெயரை வழிகாட்டி டைப் செய்து வைத்திருந்தார். "கையெழுத்துப் போட்டுரு அம்மணி. உன்ற ஆய்வேட்டையும் இந்த வருசத்துக்குள்ள முடிச்சுப்போடலாம்." அதட்டவில்லை, மிரட்டவில்லை. பேனாவைக்கூட மூடியைக் கழற்றித்தான் கொடுத்தார். போட்டேன். என் கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

அந்த வாரமே அக்காவை அனுப்பிவிட்டார்கள். "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார் வழிகாட்டி. எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் மரியாதையாகத்தான் அறுப்போம். அக்கா அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்து, கயிற்றைச் சுற்றி ஒழுங்குபடுத்திவிட்டுப் போனார்.

புது ஆன்டிபாடிக்கு ஆர்டர் போட்டோம். மூன்று மாதமாகியும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், கெட்டுப்போன ட்யூபில் ஒன்றை எடுத்துக் கல்லீரல் செல்களில் போட்டுப் பார்த்தேன். மின்சாரம் போனதில் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றின் சேமிப்பு திரவ நைட்ரஜனில் இருந்தது, அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன்.

பச்சை வளையம். பளிச்சென்று, ஒவ்வொரு செல்லைச் சுற்றியும். பக்கத்தில், ஒப்பிடுவதற்காக, இந்த ஏற்பி இல்லாத சிறுநீரகச் செல்களை வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றுமில்லை, இருக்கவும் கூடாது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் பழைய படத்துக்கும் புதுப் படத்துக்கும் வித்தியாசமே இல்லை. பிறகு படித்துப் பார்த்தால், நல்ல ஆன்டிபாடி நாலைந்து நாள் வெளியே கிடந்தாலும் பல சமயம் தாக்குப்பிடிக்குமாம். அதைப் பூஜைக்கு அடுத்த வாரமே நாங்கள் பார்த்திருக்கலாம். அரை நாள் வேலை. அழவும் அறிக்கை எழுதவும் நேரம் இருந்தது, இதற்கு இல்லை.

படத்தை எடுத்துக்கொண்டு வழிகாட்டியிடம் ஓடினேன். "அருமையா வந்திருக்குது" என்றார். "அப்போ அந்த அக்கா..." என்றேன். அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த ஃபைல் முடிஞ்சுபோச்சு அம்மணி. மறுக்கா எதுக்குக் கிளறோணும்? இதையே வெச்சு முடிச்சுரு."

முடித்தேன். கெட்டுப்போனதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதே ட்யூபுகளை வைத்துத்தான் கடைசி அத்தியாயம் முழுவதையும் எழுதினேன். வாய்மொழித் தேர்வு நடத்த வந்தவர்கள் படங்களின் தெளிவைப் பாராட்டினார்கள். பட்டம் வந்தது, ஒரு கல்லூரியில் வேலையும் வந்தது.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். "அம்மணி!" என்று குரல். அக்கா. கறுத்து, இளைத்து, கையெல்லாம் வெடிப்பு. தேங்காய்க் களத்தில் வெயிலில் கொப்பரைப் பருப்புக் காயப் போடுகிற வேலையாம். நான் ஒளிந்துகொள்ள இடம் பார்த்தேன். அதற்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படிப்பை முடிச்சுட்டீங்களா கண்ணு? அதை நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்லீங்க. என்னாலதானுங்களே அந்த மருந்து கெட்டுப்போச்சு. அன்னிக்கு நான் மாட்டினனுன்னு சொன்னனுங்க. ஆனா அப்பறம் நெனச்சுப் பாத்தா, தொடைக்கறப்ப புடுங்கினவ திருப்பி மாட்டலையாட்ட இருக்குது. அத்தன பெரிய படிப்பு படிச்சவரு பொய்யா சொல்லுவாருங்க?"

வழிகாட்டி சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். மருந்து கெடவே இல்லை என்றும் தெரியும். இரண்டையும் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"நான் முடிச்சுட்டனுங்க அக்கா" என்றேன். "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க."

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டென்றும் பார்க்காமல், என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.