ஒரு நாயைப் பட்டினி போட்ட கதை

எங்கள் தெருவில் ஒரு நாயைப் பட்டினி போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கோயமுத்தூரின் பழைய பகுதியில், எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டிய தெரு அது. எங்களுக்கு இடது பக்கம் பாய் வீடு. எதிர்வீட்டில், சர்ச் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். நடுவில் நானும், பம்ப் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரரும், ஒரு நாயும்.

நாய்க்கு வீட்டுக்கு ஒரு பெயர். டீச்சர் ஒன்று சொல்லிக் கூப்பிடுவார், பாய் வீட்டு அக்கா வேறொன்று சொல்வார். என் வீட்டுக்காரர் ‘அம்மணி’ என்பார். நான் ‘ஏய்’ என்பேன். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு வருவாள். காலையில் டீச்சர் வீட்டு இட்லியில் தொடங்கும் அவளுடைய நகர்வலம், மத்தியானம் பாய் வீட்டு எலும்பில் வந்து நிற்கும். ஒரு மழை நாளில் எங்கள் ஸ்கூட்டருக்கு அடியில் குட்டியாக வந்து ஒண்டியவள். “இன்னைக்கு ஒரு பொழுது இருக்கட்டுங்க, காலைல தொரத்தி உட்ரோணும்” என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன். அவள் இப்போது கிழவி. நான் இன்னும் தொரத்தவில்லை. ஆனால் என் கையால் ஒரு கவளம் ஊட்டியதும் இல்லை. தட்டில் போடுவேன், நகர்ந்துவிடுவேன். கொஞ்சுவதெல்லாம் அவருடைய இலாகா.

ஓய்வு பெற்ற பிறகு அவர் பேசுவதே குறைந்துபோயிருந்தது. இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நாயோடுதான். வாக்கிங் போவது அவளோடு, பேப்பர் படிப்பது அவள் பக்கத்தில். ஒருநாள் அவளுக்கு வயிற்றைத் தடவிக்கொடுத்தவர் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். “இங்க வா புள்ள, இதைத் தொட்டுப் பாரு” என்றார். பால்மடியோரம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

அவிநாசி ரோட்டுப் பக்கம் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். கட்டியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து நாயைத் தன் கையை மோந்து பார்க்கவிட்டார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கட்டியை எடுத்துவிட வேண்டும், வளரவிடக் கூடாது என்றார். வயதான நாய் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு ஒரு ஸ்கேன். இரண்டும் நன்றாக வந்தன. “தைரியமாப் பண்ணலாமுங்க. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியிலிருந்து சாப்பாடு எதுவும் குடுக்கக் கூடாது. தண்ணி மட்டும் காலைல வரைக்கும் குடிக்கலாம்” என்றார்.

இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் காலையில் ஆஸ்பத்திரி மேஜை மேல் அவளை ஏற்றியாகிவிட்டது. முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து, மருந்து ஏற்ற ஊசியையும் குத்தியாகிவிட்டது. டாக்டர் மயக்க மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் கேட்பதுபோலக் கேட்டார்.

“ஏனுங்கப்பா, ராத்திரிக்கப்பறம் எதுவும் சாப்பிடலை இல்லீங்களா?”

“இல்லீங்க” என்று நான்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு நின்றார். டாக்டர் மருந்தை ஊசியின் வாயருகே கொண்டுபோனபோது அவர் குரல் கீச்சென்று வந்தது.

“வர்க்கி திங்கக் குடுத்தனுங்க.”

டீயில் தொட்டுத் தின்கிற அந்த மொறுமொறு பலகாரம்! நாய், வர்க்கி என்ற வார்த்தையைக் கேட்டு, அவர் சட்டைப்பையைப் பார்த்து வாலை ஆட்டியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எங்கள் ஊரில் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவோம். “அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, காதுல உழுகலீங்களா? அட கெரகமே!” என்று ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரிடம்தான் சொன்னார்.

“வயசானதுக்கு மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்காதுன்னு ஒருத்தர் சொன்னாருங்க. ஒருவேளை இவ திரும்பி வராமயே போயிட்டான்னா? வெறும் வவுத்தோட அனுப்பிப் போட்டமேன்னு ஆயுசுக்கும் இருக்குமுங்களே.”

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஊட்டுக்கு வந்த ஒறம்பரையை வெறும் வயிற்றோடு வழியனுப்பாத ஊர் இது. அவர் அவளையும் அப்படித்தான் வழியனுப்பியிருக்கிறார். முகத்தைத் துடைப்பதுபோல் முந்தானையை எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் மருந்தைக் கீழே வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னார். “இப்பவாச்சும் சொன்னீங்களே, அதுவே பெரிய விசயமுங்க. மயக்கத்துல இருக்கறப்ப வயித்துல இருக்கற சாப்பாடு மேல வரும். அது மூச்சுக்குழல்ல போயிட்டா நாங்க என்ன பண்ணினாலும் கஷ்டம். நீங்க பயப்படற அந்த மயக்க மருந்தைவிட அந்த வர்க்கிதானுங்க ஆபத்து. பட்டினி போடறது கொடுமை இல்லீங்கப்பா. அவ எந்திரிச்சு வர்றதுக்கு நீங்க பண்ற உதவி அதுதான்” என்றார். பிறகு எப்படித் தூங்க வைப்பார்கள், எப்படிக் குழாய் வழியாக மூச்சுக்காற்றும் மயக்கமும் சேர்ந்து போகும், உடம்பு குளிர்ந்துவிடாமல் கீழே சூடான மெத்தை இருக்கும், அவள் தூங்கும்போதே வலிக்கு மருந்து கொடுத்துவிடுவார்கள், இதயத்துடிப்பைப் பார்க்க மட்டும் ஒருத்தர் தனியாக நிற்பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் பம்புக்கு உயிர் கொடுத்த ஆள். குழாய், அழுத்தம், காற்று என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்காரர் திருந்திவிட்டார். தெருவை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பினேன். முதலில் டீச்சர்.

“ஒரு துண்டு கேக்குல என்ன ஆயிரப்போவுதுங்க? அவ மூஞ்சியப் பாத்தா என்ர கை நிக்காதுங்களே” என்றார் டீச்சர்.

“கை நிக்கலைன்னா கதவச் சாத்திக்கோங்க டீச்சர். இன்னைக்குப் பொழுதிறங்குனதுக்கப்பறம் அவ வவுத்துல ஒரு பருக்கை போனாலும் நான் உங்க ஊட்டு வாசல்ல வந்து உக்காந்துக்குவேன்.”

கணக்கு டீச்சரையே மிரட்டியாயிற்று. அடுத்து பாய் வீடு. அக்கா நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“ஏனுங்கக்கா, வருசா வருசம் ஒரு மாசம் நோன்பு புடிக்கற ஊட்டுல வந்து பட்டினியப் பத்திப் பாடம் எடுக்கறீங்களா? அவளுக்கு நோன்புன்னு ஒரு வார்த்தை சொன்னாப் பத்தாதுங்களா? போங்க, நான் பாத்துக்கறேன்.”

அவர் பார்த்துக்கொண்டது எப்படி என்பது அன்று சாயந்திரம்தான் எனக்குத் தெரிந்தது. ஞாயிறு சாயந்திரம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தாலே கறி மணக்கும். இந்தப் பக்கம் தாளிப்பு, அந்தப் பக்கம் மீன் வறுவல், பாய் வீட்டிலிருந்து சொல்லவே வேண்டாம். அன்றைக்கு ஒரு வாசமும் இல்லை. நாய் மூக்கை நீட்டி நீட்டிக் காற்றை மோந்து பார்த்துவிட்டு, உலகம் முடிந்துவிட்டதோ என்கிற முகத்தோடு கேட்டடியில் படுத்துக்கொண்டது. நான் மாடியில் ஏறிப் பார்த்தேன். எல்லா வீட்டு சமையலறை ஜன்னலும் சாத்தியிருந்தது. பாய் வீட்டில் கறியே எடுக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. டீச்சர் ரொட்டியைத் தண்ணீரில் தொட்டுத் தின்றாராம், வாசம் வரக் கூடாதென்று. பாலிலாவது தொட்டுத் தின்றிருக்கலாம், இந்த மனுஷிக்கு எதையும் பாதியில் செய்யத் தெரியாது.

திங்கட்கிழமை காலை டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் சட்டைப்பையை வெளியே இழுத்து உதறிக் காட்டினார். டாக்டர் சிரித்துவிட்டார். அவள் தூங்கும்வரை அவரைப் பக்கத்திலேயே நிற்கவிட்டார்கள். “அம்மணி, சித்த தூங்கிப்போட்டு எந்திரிச்சு வந்துரு சாமி” என்று காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் தலை அவர் உள்ளங்கையிலேயே கனத்துச் சாய்ந்தது. கதவைச் சாத்தினார்கள்.

வெளியே காத்திருந்தோம். பக்கத்தில் கருமத்தம்பட்டிக்காரர் ஒருவர், தறி ஓட்டுகிறவர், கூடையில் பூனையோடு உட்கார்ந்திருந்தார். டீயும் பன்னும் வாங்கிவந்து எங்களிடம் நீட்டினார். “சாப்புடுங்க, எத்தன நேரமாகுமோ” என்றார்.

“வேண்டாமுங்க. அவ சாப்புடாம இருக்கறா. எனக்கு எறங்காதுங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நேற்று ராத்திரியும் இவர் சாப்பிடவில்லை. உங்களுக்கா ஆபரேஷன் என்று திட்ட வாயெடுத்தேன். திட்டவில்லை. எனக்கும் வேண்டாம் என்று பன்னைத் திருப்பிக் கொடுத்தேன். பசி இல்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரில் இருக்கிற சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். அவிநாசியப்பனுக்கு ஒன்று, டீச்சருடைய மாதாவுக்கு ஒன்று. பாய் வீட்டில் எப்படியும் துவா செய்திருப்பார்கள் என்று அந்தப் பக்கத்தை அவர்களிடமே விட்டுவிட்டேன்.

கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டே சிரித்தபடி வந்தார். “நல்லாருக்கறாங்க. வாங்க, முழிக்கறப்ப உங்க மூஞ்சி தெரியட்டும்.”

போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கீழே மெத்தை கதகதவென்றிருந்தது. முதலில் ஒரு காது அசைந்தது. பிறகு கண் பாதி திறந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பார்வை. அப்புறம் மூக்கு மட்டும் மெல்ல நகர்ந்து நகர்ந்து அவர் சட்டைப்பையில் போய் முட்டி நின்றது. அங்கே எதுவும் இல்லை. அவர் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனை காலமாயிற்று! சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பினார்கள், அது கெட்ட கட்டி இல்லை என்று பிற்பாடு முடிவு வந்தது. கதையை இழுத்தடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கழுத்தில் எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி பிளாஸ்டிக் வளையம். ஆட்டோ தெருவுக்குள் திரும்பியதும் கதவுகள் திறந்தன. அவளைத் தூக்கிப்போய்க் கூடத்தில் படுக்கவைத்துவிட்டு நான் வாசலுக்கு வந்தால், கேட்டில் பாய் வீட்டு அக்கா, கையில் தூக்குப்போசி. பின்னாலேயே டீச்சர், மூடி போட்ட பாத்திரத்தோடு.

எனக்கு மறுபடியும் கோபம் ஏறிவிட்டது. கேட்டை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன்.

“இத்தன சொல்லியும் கேக்க மாட்டீங்களா? மயக்கமே இன்னும் முழுசாத் தெளியலை. ராத்திரிக்குக் கொஞ்சூண்டு குடுக்கலாம்னுதான் டாக்டர் சொல்லியிருக்காங்க, அதுவும் வாந்தி இல்லைன்னாத்தான். ஆரும் எதுவும் குடுக்கக் கூடாது. எடுத்துட்டுப் போங்க!”

அக்கா அசையவில்லை. “ஏனுங்கக்கா, நாய்க்கு ஆருங்க கொண்டாந்தது? உங்க ரெண்டு பேருக்குமுங்க. நேத்துப் பொழுதோட இருந்து உங்க ஊட்டு அடுப்பு பத்தலைன்னு தெருவுக்கே தெரியுமுங்க. எங்க ஊட்டு வாசம் உங்களுக்கு வல்லைன்னா, உங்க ஊட்டு வாசமும் எங்களுக்கு வல்லீங்களே.”

ஆமாம், நேற்று ராத்திரி நான் உலை வைக்கவில்லை. காலையிலும் வைக்கவில்லை. அவருடைய பட்டினியைக் கண்டுபிடித்த எனக்கு என்னுடையது தெரியவில்லை. தாழ்ப்பாளைத் திறந்தேன்.

கூடத்தில் நாய்க்குப் பக்கத்திலேயே உட்காரவைத்து எங்கள் தட்டில் போட்டார்கள். டீச்சர் பாத்திரத்தில் அரிசிம்பருப்புச் சோறு, நெய் மணக்க. முதல் கவளத்தை வாயில் வைத்ததும் எனக்குக் கண்ணில் நீர் கொட்டிவிட்டது. நிறுத்த முடியவில்லை.

“மொளகா எச்சாப் போட்டுட்டீங்க டீச்சர்” என்றேன்.

“மொளகாயா? அதுல மொளகா, வெங்காயம், பூண்டு எதுவுமே போடலீங்களே. அவளுக்கும் ஆகோணும்னுதான்…” என்று சொல்ல வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பாய் வீட்டு அக்காதான் முதலில் சிரித்தார். அப்புறம் என் வீட்டுக்காரர். நான் அழுதுகொண்டே சிரித்தேன். சத்தம் கேட்டுப் புனலுக்குள்ளிருந்து அவள் தலையைத் தூக்கினாள், வால் தரையில் மெதுவாகத் தட்டியது. பொழுது இறங்கியது. வாந்தி இல்லை. டாக்டர் சொன்ன அளவுக்கு, அந்தச் சோற்றிலேயே கொஞ்சம் எடுத்துக் குழைய மசித்தேன். தட்டில் வைத்தால் புனல் இடித்தது. அதனால் கையில் எடுத்து நீட்டினேன். விரலிடுக்கில்கூட ஒரு பருக்கை விடாமல் நக்கித் தின்றாள்.