இல்லாத துகளும் மறைக்கப்பட்ட பெயரும்

சென்ற செவ்வாய்க்கிழமை நண்பகலில், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு என் தோழி மைமூனின் தம்பி ஹனீபா வந்தார். "சரோஜாக்கா, ராத்தா மௌத்தாயிட்டாங்க. காலையில நெஞ்சு வலின்னாங்க. டாக்ஸி பிடிக்கிறதுக்குள்ள..." அவருடைய அக்கா மைமூன் இறந்துபோயிருந்தாள். சிங்கப்பூர் டன்லப் தெருவில், அவர்களுடைய துணிக்கடையின் மேல்மாடியில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். முப்பத்தொன்பது வயதுதான்.

இரண்டு நாள் கழித்து, நாங்கள் முன்பு வேலை பார்த்த இயற்பியல் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி ஒட்டியிருந்தார்கள். 'தகடுகளைப் பொறுமையாகப் பார்த்துவந்த முன்னாள் உதவியாளர் காலமானார்.' அவள் பொறுமையாக மட்டும் இருந்தவள் அல்லள். அவளை அறிந்தவர்களே, நீங்களாவது நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. நுண்துகள்கள் கடந்துபோன ஒளிப்படத் தகடுகள் வெளிநாட்டிலிருந்து வரும். அவற்றில் கரும்புள்ளிகளின் வரிசையாகப் பதிந்த தடங்களை நுண்ணோக்கியில் தேடி அளப்பது எங்கள் இருவரின் வேலை. பையான் என்ற துகள் ஓடி நின்று, மியூவானாகச் சிதையும். கூடவே தடம் விடாத நியூட்ரினோ ஒன்றும் பிறக்கும். நின்றுபோன பையானின் சிதைவு என்றால் மியூவானின் தடம் எப்போதும் ஏறக்குறைய ஒரே நீளம். ஒரு தகட்டில் மட்டும் அது ஒன்றரை மடங்கு நீண்டிருந்தது. எங்கள் விரிவுரையாளர் துள்ளிக் குதித்தார். புதிய, கனமான துகள் என்று கட்டுரையே எழுதிவிட்டார்.

மைமூன் என்னை நுண்ணோக்கியருகே இழுத்தாள். "நிக்கப்போற துகளா இருந்தா, வேகம் குறையக் குறைய புள்ளிங்க நெருங்கிக்கிட்டே வரும். இதுல நெருங்கவே இல்ல பாரு. ஓடிக்கிட்டிருக்கும்போதே உடைஞ்சிருக்கு. அவசரப்பட்டுட்டார் லா."

புள்ளிகளை எண்ணிப் பையானின் வேகத்தைக் கணித்தாள். நிறையையும் ஆற்றலாகவே கொள்ளும் சார்பியல் முறைப்படி, சிதைவுக்கு முன்னிருந்த ஆற்றலையும் உந்தத்தையும் எழுதினாள். இரண்டுமே அழிவதில்லை என்பதால், மியூவான் எடுத்துச்சென்றதை இரண்டிலிருந்தும் கழித்தாள். மீந்த ஆற்றலும், ஒளிவேகத்தால் பெருக்கிய மீந்த உந்தமும், அளவுப் பிழைக்குள் சமமாக வந்தன. அப்படியானால் கண்ணுக்குப் படாமல் போனது நிறையற்ற நியூட்ரினோதான். உடைந்தது பழைய பையானேதான்.

கணக்கை விரிவுரையாளரின் மேசையில் வைத்தபோது, "அளப்பதற்குத்தானே உங்களை வைத்திருக்கிறோம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆனாலும் தாள்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அனுப்பவிருந்த கட்டுரை நின்றது. சில மாதங்களில், ஓடும் பையானின் சிதைவை அலசும் வேறொரு கட்டுரை அவர் பெயரில் வெளிவந்தது. ஒவ்வொரு வரியும் மைமூன் எழுதிய சமன்பாடு. கடைசியில் 'ஆய்வகப் பணியாளர்களுக்கு நன்றி.' யார் அந்தப் பணியாளர்? பெயர் எழுத மையா தீர்ந்துவிட்டது?

மைமூன் நேரே அவர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"பட்டம் இல்லாதவர் பெயரை எப்படிப் போடுவது?" என்றார்.

"பட்டம் இல்லாதவளின் கணக்கை மட்டும் எப்படிப் போட்டீர்கள்?" என்று அவர் மொழியிலேயே கேட்டாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "மிஸ் சரோஜா, நீங்கள் அங்கே இருந்தீர்கள். அது என் யோசனைதானே?"

அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாகவிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிராங்கூன் சாலையில் பேருந்தைவிட்டு இறங்கினோம். மைமூன் மெதுவாகக் கேட்டாள்: "நீ அங்கதானே இருந்த சரோஜா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அந்த வாரமே அவள் வேலையை விட்டாள். கடைக்கு மேலே பெண்பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தாள். பெருநாள்தோறும் எனக்குப் பிரியாணி அனுப்பினாள். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே இல்லை.

அந்த விரிவுரையாளர் இன்று துறைத் தலைவர். அவர்மேல் எனக்குள்ள கோபம் ஆறவில்லை. என்மேல் உள்ளது அதைவிடப் பெரிது. மைமூனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவளுடைய அந்த ஒரு கேள்வி. உயிரோடு இருந்தபோது அவளுக்குக் கொடுக்காத பதிலை, அச்சில், என் பெயரைப் போட்டே இங்கே சொல்கிறேன்: இல்லை சார், அந்தக் கணக்கு மைமூன் போட்டது.